ஆயுதம் யாருக்குச் சாட்சி?

மனிதன் ஒருவன் கையில் வாளேந்தி நிற்பதாகப் படம் எழுதுகின்றனர், கல்லில் செதுக்குகின்றனர், மரக்கட்டையில் வெட்டி அச்சிடுகின்றனர். மனிதன் மறைந்து விடுகின்றான். படம் நிலைத்து நிற்கின்றது. பின்வருவோர் அதனைக் கண்டு, "இவன் வீரன்" என்கின்றனர். அவ்வாறு அவர்கள் கூறுவதற்கு ஆதாரம் எது? அவன் முகமா? அவன் செய்த செயலா? அன்றி, அவன் கையில் இருந்த இரும்பா?

இக்கேள்வியை நாம் ஏட்டிலிருந்து எடுத்து வரவில்லை. தாப்பா நகரில், படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டுக் கொடுக்கும் சிறு கடையொன்றின் வாயிலில் அது நம்மை வந்து சந்தித்தது.

கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதை புறப்படும் ஊர் தாப்பா. அதனைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் வாழ்ந்த நம் மக்களிற் பலர் நகரத்தின் ஓரங்களிற் குடியேறினர். அவ்வாறு குடியேறிய ஓர் அம்மையார் அன்று அக்கடைக்கு வந்திருந்தார். இருபத்து மூன்று வயது மகனைத் தெருச் சண்டை ஒன்றிற் பறிகொடுத்தவர் அவர். பதினாறாம் நாள் காரியத்துக்கு மகனுடைய படம் வேண்டும். அவனுடைய நண்பர் இருவர், கைப்பேசியில் இருந்ததைப் பெரிதாக்கிய படம் ஒன்றைக் கொணர்ந்திருந்தனர். படத்தில் அப்பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கின்றான்; அவன் தோளின்மீது ஒரு பாராங்கத்தி சாய்ந்திருக்கின்றது.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார், அம்மையாரைப் பார்த்தார். "கத்தி தெரியாதபடி இந்தப் பக்கத்தை வெட்டிவிடட்டுமா, அம்மா?" என்று மெல்லக் கேட்டார். நண்பர்கள் உடனே மறுத்தனர். "வெட்டக்கூடாது, அண்ணே! அவன் வீரன். நம் முன்னோர் கல்லில் நிற்பதும் ஆயுதத்தோடுதானே? தோட்டத்து மதுரை வீரன் கையில் அரிவாள் இல்லையா?" என்றனர். அம்மையார் இருவருக்கும் விடை கூறவில்லை. நம் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்கள் நாலு எழுத்துப் படித்தவர்கள். நீங்கள் சொல்லுங்கள், வெட்டவா, விடவா?" என்றார்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அன்று கூற இயலாமற் போனதை இங்கே எண்ணிப் பார்க்கின்றோம்.

முதற்கண், அவ்விளைஞர்கள் கூறியதை எடுத்துக்கொள்வோம். அவர்கள் கூற்றை இகழ்ந்து தள்ளுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. நம் முன்னோர் இறந்த வீரனுக்குக் கல் நட்டனர் என்பது மெய். அதற்குரிய முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுக்கின்றது. தக்க கல்லைத் தேடிக் காணுதல், அதனைக் கொள்ளுதல், நீர்ப்படுத்துதல், நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன அவை. இறந்தவனுடைய பெயரும் பெருமையும் அக்கல்லிற் பொறிக்கப்பெற்றன என்று சங்கப் பாடல்கள் கூறும். பெயர் முதலில் நிற்கின்றது என்பதை நாம் கருதல் வேண்டும்.

2006-ஆம் ஆண்டில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பை என்னும் ஊரில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த அக்கற்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை. தமிழகத்தில் இதுகாறும் கிடைத்த நடுகற்களுள் மிகப் பழையனவற்றுள் வைத்து எண்ணப்படுபவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில், அஃதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட அந்தவன் என்பானுக்கு உரியது. அக்கல்லில் வில் இல்லை, வாள் இல்லை, மனித உருவமும் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. இன்னான், இன்ன ஊர், இன்ன செயல் என்னும் மூன்றே செய்திகள். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழன் தன் வீரனை நினைப்பதற்கு ஆயுதத்தின் உருவம் அவனுக்குத் தேவைப்படவில்லை.

பல நூற்றாண்டுகள் கழிந்தபின், பல்லவர் காலத்திலே, செங்கம் வட்டாரத்துக் கற்களில் உருவம் வருகின்றது. வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்திக் கால்களை அகல வைத்து நிற்கின்றான். நண்பர்கள் கூறிய ஆயுதம் இங்கே இருக்கின்றது, மறுக்கவில்லை. ஆனால் அக்கற்களை ஊன்றிப் பாருங்கள். பல கற்களில் அவன் மார்பிலும் தொடையிலும் அம்புகள் தைத்திருக்கின்றன. சிற்பி அவற்றை மறைக்கவில்லை, கருதியே செதுக்கினான். அவன் கையில் இருக்கும் ஆயுதத்தைக் காட்டிலும் அவன் உடலில் தைத்த ஆயுதமே அவனைப் பற்றி மிகுதியாகப் பேசுகின்றது. "இவன் எத்தனை பேரைக் கொன்றான்" என்று கல் கணக்குக் கூறவில்லை. "இவன் எதன்பொருட்டு அடிபட்டான்" என்று கூறுகின்றது. பக்கத்திற் பொறித்த எழுத்தும் அவ்வாறே. தொறு மீட்டுப் பட்டான் என்றால், கவரப்பட்ட கால்நடையை மீட்கும் பூசலில் மாண்டான் என்பது பொருள். ஊராரின் பாலும் உழவும் அக்கால்நடையே அன்றோ?

இதற்கு ஒரு கல்லைச் சான்றாகக் காட்டுவோம். செங்கத்தைச் சார்ந்த எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனுடைய முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏழாம் நூற்றாண்டில், நடப்பெற்ற கல் ஒன்று உண்டு. தொறுப் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்தது அது. அவன் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் இருக்கின்றது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டுப் பெயர் சொல்லிப் புகழ்கின்றது. நாய்க்கு வாள் ஏது? வில் ஏது? இருந்தும் அது கல்லில் ஏறிற்று. கொங்கு நாட்டிலே புலிக்குத்திக் கற்கள் பல உள்ளன. ஊரையும் பட்டியையும் காக்கப் புலியொடு பொருது மாண்டாருக்கு எடுத்தவை அவை. ஆயுதம் அங்கே உண்டு. ஆனால் அக்கல்லுக்குக் காரணம் ஆயுதம் அன்று, காவல்.

நம் முன்னோர் செய்தன எல்லாம் அறமே என்று கூற நாம் முன்வரவில்லை. ஆநிரையை மீட்டவனுக்கும் கல் உண்டு. கவர்ந்தவனுக்கும் கல் உண்டு. ஓர் ஊரின் வீரன் மற்றோர் ஊரின் கள்வனாக இருந்திருக்கின்றான். மன்னனுடைய வெற்றிக்காகத் தன் கழுத்தைத் தானே அரிந்துகொண்ட நவகண்ட வீரனுக்கும் கல் உண்டு. அதனை இன்று நாம் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. கவர்ந்தவனேயாயினும் மீட்டவனேயாயினும், அவன் யாருக்காகச் சென்றான் என்பதை ஊர் அறிந்திருந்தது. அதனாலேயே ஊர் கல் எடுத்தது. 'யாருக்காக?' என்னும் கேள்விக்கு விடை இல்லாத ஆயுதத்துக்கு எவரும் கல் சுமந்து வரவில்லை.

நிற்க. மேல்நாட்டார் தம் போர்வீரரை எவ்வாறு படம் எழுதினர் என்பதையும் சிறிது காண்போம். ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் நம்முடையது இன்னதென விளங்கும்.

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலம் என்று கூறப்பெறும் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில், ஜெர்மனி நாட்டிலே மரக்கட்டை அச்சுப் படங்கள் பெருகின. பலகையில் ஓவியத்தை வரைந்து, கோடுகளை மட்டும் விட்டு, மற்ற இடங்களைச் செதுக்கி எடுத்துவிடுவர். விட்டு வைத்தது மையேற்றுக் கறுப்பாகவும், வெட்டி எறிந்தது வெள்ளையாகவும் தாளில் விழும். நூரெம்பெர்க் நகரத்து அச்சுக்காரர்கள் இவ்வாறு ஒற்றைத் தாள் படங்களை அச்சிட்டு விற்றனர். எர்ஹார்ட் ஷோன் முதலிய கலைஞர்கள் வரைந்த அப்படங்களில் நாம் மீண்டும் மீண்டும் காண்பது லான்ட்ஸ்னெக்ட் என்னும் கூலிப்படை வீரனை. மாக்சிமிலியன் என்னும் அரசன் காலத்தில், 1480-களில், உருவாகிய படை அது.

அவ்வீரன் படத்தில் எவ்வளவு மிடுக்காக நிற்கின்றான்! தொப்பியில் இறகு, கிழித்துக் கிழித்து உள்துணி தெரியும்படி தைத்த உடுப்பு, இடுப்பில் குறுவாள், தோளில் மனிதனைப் போல் இரு மடங்குக்கு மேல் நீண்ட ஈட்டி, அல்லது இரு கைகளாலும் பிடிக்க வேண்டிய பெருவாள், அல்லது துப்பாக்கி. ஆயுதத்தைப் பார்த்த அளவில் அக்காலத்தார் அவனுடைய தரத்தை அறிந்துகொண்டனர். கொடி பிடித்தவன் அக்கொடியை உயிர் உள்ளவரை விடேன் என்று சத்தியம் செய்தவன். பெருவாள் ஏந்தி முன்னணியில் நிற்பவன் பெரும்பாலும் இரட்டைச் சம்பளக்காரன். சாதாரண வீரனுக்கு மாதம் நான்கு குல்டன் கூலி, இவனுக்கு எட்டு. ஆகவே, படத்திலிருந்த ஆயுதம் அறத்தின் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை. சம்பளச் சீட்டாகவும் நின்றது. நம் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், கையில் இருக்கும் கருவியைப் பார்த்து இவன் பால் வெட்டுகிறவன், இவன் புல் வெட்டுகிறவன் என்று அறிந்து பேர் போடுவது போல, அங்கே ஈட்டியையும் வாளையும் பார்த்துப் பேர் போட்டனர்.

கூலி கிடைக்காதபோது அந்த மிடுக்கு என்னாயிற்று? 1527-ஆம் ஆண்டு மே மாதத்தில், மாதக்கணக்காகச் சம்பளம் பெறாத பேரரசப் படையினர் ரோமாபுரிக்குள் புகுந்து நகரைச் சூறையாடினர். அப்படையில் லான்ட்ஸ்னெக்ட் வீரர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். மரக்கட்டைப் படத்தில் கண்ட அதே வாள், அதே இறகு, அதே நடை. 'யாருக்காக?' என்ற கேள்விக்குக் கூலி ஒன்றே விடையாக இருந்தபடியால், கூலி நின்ற அன்று வாளும் நெறி தவறிற்று.

இதனை அக்காலத்துக் கலைஞர் அறியாதவர் அல்லர். ஸ்விட்சர்லாந்து நாட்டு ஊர்ஸ் கிராஃப் என்பவர் பொற்கொல்லர். தாமே கூலிப்படையிற் சென்று போரிட்டவர். 1524-ல் அவர் வெட்டிய மரக்கட்டைப் படம் ஒன்றிலே, இரண்டு வீரர் பகட்டாக நிற்கின்றனர். அருகில் ஒரு பெண் அமர்ந்திருக்கின்றாள். மேலே மரக்கிளையில் மரணம் எலும்புருவாய் அமர்ந்து, கையில் மணல் கடிகையை வைத்திருக்கின்றது. வீரர் இருவரும் அதனை அறியாதவராய் நிற்கின்றனர். ஆயுதங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன; மரணத்தின் கையில் கடிகை ஒன்றே இருக்கின்றது. படத்தைக் காண்பவனுக்கு எது வலிது என்பது புரிந்துவிடும். போரை நேரிற் கண்டவன் வரைந்த படம் அது.

ஆயுதத்துக்கு வேறு பொருள் கூற முயன்றோரும் அங்கே இருந்தனர். கிறித்தவ வேதத்தில் பவுல் என்பார், உண்மையைக் கச்சையாகவும் நீதியை மார்புக் கவசமாகவும் நம்பிக்கையைக் கேடயமாகவும் அணியுமாறு கூறுகின்றார். அக்கருத்தைத் தழுவி, எராஸ்மஸ் என்னும் அறிஞர் 1503-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூற்பெயரின் முதற்சொல் கிரேக்க மொழியில் கைந்நூல் என்றும் குறுவாள் என்றும் இரு பொருள்படும். நூலே வாள் என்பது அவர் கருத்து. அவரே பின்னர்ப் போரின் கொடுமையைக் கண்டித்து எழுதினார். 1513-ல் ஆல்பிரெக்ட் டியூரர் செப்புத் தகட்டில் செதுக்கிய புகழ்பெற்ற படத்தில், கவசம் பூண்ட வீரன் ஒருவன் மரணத்துக்கும் பேய்க்கும் இடையே இருபக்கமும் பாராது குதிரையில் செல்கின்றான். அக்கவசம் இரும்பன்று, மன உறுதியே என்று பலர் பொருள் கூறினர். அதே டியூரர் 1498-ல் மரக்கட்டையில் வெட்டிய மற்றொரு படத்திலோ, குதிரை வீரர் நால்வர் வில்லும் வாளும் ஏந்தி மக்களை மிதித்துக்கொண்டு பாய்கின்றனர். இரு படத்திலும் வாள் உண்டு, குதிரை உண்டு. ஒன்று உறுதி என்கின்றோம். மற்றொன்று அழிவு என்கின்றோம். வாளின் வடிவத்தில் வேற்றுமை இல்லை. வேற்றுமை எல்லாம் குதிரையின் காலடியில் யார் கிடக்கின்றனர் என்பதில் உள்ளது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. படையையும் படையின் செருக்கையும் தனித்தனி அதிகாரம் வைத்துப் பாடிய வள்ளுவரே, அறிவைப் பகைவராலும் அழிக்கவியலாத அரண் என்று கூறினார். அரண் என்பது கோட்டை. கோட்டையும் கருவியும் மனிதனுக்கு வெளியே இருப்பன என்று எண்ணியவரை நோக்கி, உள்ளே பார் என்றார் அவர்.

இனி, நண்பர்கள் காட்டிய மற்றொரு சான்றுக்கு வருவோம். தோட்டத்து எல்லையில் மரத்தடியில் அரிவாளோடு நிற்கும் மதுரை வீரன் கதையை அறியாத தோட்டத்துத் தமிழர் இலர். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் அக்கதையைப் படித்தும், கூத்திற் பார்த்தும் வளர்ந்தவர்கள் நம் பாட்டனார். அப்புத்தகங்களிலும் மரக்கட்டை அச்சுப் படங்கள் உண்டு; ஜெர்மானியன் கையாண்ட கலை நம் ஏழைகளின் கைக்கும் வந்தது. படத்தில் வீரன் முறுக்கிய மீசையும் ஓங்கிய வாளுமாக விளங்குகின்றான்.

ஆனால் கதை என்ன கூறுகின்றது? தாழ்த்தப்பட்டோர் வீட்டில் வளர்ந்தவன் அவன். கள்வரை அடக்கி மதுரையைக் காத்தவன். அவ்வாறு காத்தவனையே, திருமலை நாயக்க மன்னன் ஆணைப்படி மாறுகால் மாறுகை வாங்கினர் என்பது கதை. அஃதாவது, வாள் பிடித்த கை வெட்டப்பட்டது. அவன் கதை முடிவது ஆயுதத்தோடு அன்று. ஆயுதத்தை இழந்த உடம்போடு. அரசன் வெட்டிய கையை மக்கள் மீண்டும் சிலையில் ஒட்டவைத்து, அதில் வாளையும் கொடுத்தனர். அச்சிலையில் இருக்கும் வாள் அவன் பிறரைக் கொன்றதற்குப் பெருமை கூறவில்லை. அவனுக்கு இழைத்த அநீதியை நாங்கள் ஒப்பவில்லை என்று மக்கள் கூறிய தீர்ப்பாக நிற்கின்றது. மதுரை வீரன் கையைக் காட்டிப் பாராங்கத்தியைத் தோளிற் சாய்க்கும் இளைஞன், அக்கதையின் பாதியை மட்டுமே கேட்டவன்.

அங்ஙனமாயின், ஆயுதம் ஏந்திய படம் எல்லாம் வெற்றுப் பகட்டுத்தானா என்று சிலர் கேட்பர். அவ்வாறு நாம் கூறோம். 1943-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, லட்சுமி சுவாமிநாதன் அம்மையாரின் தலைமையில் சேர்ந்தவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் பலர். பால் வாளி சுமந்த கை துப்பாக்கி பிடித்து அணிவகுத்து நிற்கும் ஒளிப்படங்களை இன்றும் காணலாம். அப்படையின் அரசியலைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர்; ஜப்பானியர் துணையோடு எழுந்த படை அது என்பதும் மெய். எனினும் அப்பெண்கள் முகத்தைப் பாருங்கள். தலை நிமிர்ந்து பேசினாலே குற்றமாக எண்ணப்பெற்ற லயத்துப் பெண், நாட்டின் விடுதலைக்காக வந்தோம் என்று நிமிர்ந்து நிற்கின்றாள். துப்பாக்கியை எடுத்துவிட்டாலும் அப்படத்தில் அந்த நிமிர்வு மிஞ்சும். இதுவே நாம் காணும் அளவுகோல். படத்திலிருந்து ஆயுதத்தை மனத்தால் நீக்கிப் பாருங்கள். அதன்பின் சொல்லுவதற்கு ஏதேனும் எஞ்சுகின்றதா? எஞ்சினால் அவன் வீரன், அவள் வீராங்கனை. ஒன்றும் எஞ்சாவிடின், படத்தில் இருந்தது இரும்பு ஒன்றே.

இவ்வளவுகோலைத் திருப்பியும் பிடித்துப் பார்த்தல் வேண்டும். ஆயுதம் இல்லாத காரணத்தாலேயே உலகம் மறந்தோர் எத்தனை பேர்! அதே போர்க்காலத்தில், 1942 முதல் 1943 வரை, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவரை ஜப்பானியர் கொண்டு சென்றனர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பசியிலும் அவர்கள் மடிந்தனர். தாய்லாந்து காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் படைவீரர் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். பேர் அறிந்தவர்க்கெல்லாம் பேர் பொறித்த கல் உண்டு. அது தக்கதே. ஆனால் மண்வெட்டி பிடித்துச் செத்த நம்மவர்க்கு அவ்வாறு பேர் சொல்லும் கற்கள் இல்லை. துப்பாக்கி பிடித்த கைக்குக் கல். மண்வெட்டி பிடித்த கைக்குக் குழி. ஏறத்தாழ எண்பது ஆண்டு கழிந்து, 2023-ல், அவர்கள் நினைவாகக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டப்பெற்றது. ஆயுதம் ஏந்தாதவர்க்கு நடுகல்! எடுத்தனூர்க் கல்லை எழுதிய கை இதனை ஒப்பியிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம்.

மீண்டும் தாப்பாவுக்கு வருவோம். நம் முன்னோரின் ஆயுதம் எது என்று அவ்விளைஞர்கள் நம்மைக் கேட்டிருந்தால், நாம் வாளைக் காட்டியிருக்க மாட்டோம். பால் வெட்டும் கத்தியைக் காட்டியிருப்போம். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நம் பாட்டியும் பாட்டனும் மரத்துக்கு மரம் ஏந்திச் சென்ற இரும்பு அது. அக்கத்தியின் திறம் எதில் இருந்தது? பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். பால் வடிய வேண்டும். ஆனால் உள்மரத்தில் காயம் படக் கூடாது. காயம் பட்டால் மரம் கெடும். வெட்டினவருக்கு ஏச்சும் கிடைக்கும். காயப்படுத்தாமல் வெட்டத் தெரிந்ததே தேர்ச்சி எனப்பட்டது. பாராங்கத்தியும் அவ்வாறே லாலான் புல்லையும் புதரையும் வெட்டிப் பாதை திறந்த கருவிதான். இரும்பு குற்றம் செய்யவில்லை. அதனைத் தோளிற் சாய்த்து, 'என்னைக் கண்டு அஞ்சுங்கள்' என்று நின்ற நாளில்தான் அது ஆயுதமாயிற்று. யாருக்காக என்று கேட்டால் அப்படத்தில் விடை இல்லை.

அப்பிள்ளையை இழித்துரைக்க நாம் இவற்றை எழுதவில்லை. தோட்டம் போயிற்று, தோட்டத்தோடு ஊரும் உறவும் சிதறின, நகரத்திலோ அவனை யாரும் பேர் சொல்லி அழைக்கவில்லை. பேர் இல்லாதவன் அச்சத்தின் மூலமாவது பேர் தேடுகின்றான். அவன் கையில் கத்தியைக் கொடுத்தவர்க்கு ஒரு பங்கு குற்றம் என்றால், அவன் கையில் வேறொன்றும் கொடாத நமக்கும் ஒரு பங்கு உண்டு. இதனை நாம் நம்மை நோக்கியே கூறிக்கொள்ளுகின்றோம்.

பதினாறாம் நாள் அவ்வீட்டுக்குச் சென்றோம். குத்துவிளக்கின் பின்னே சுவரில் இருந்தது அக்கத்திப் படம் அன்று. பள்ளிச் சீருடை அணிந்த தம்பியின் தோளில் கை போட்டு நிற்கும் பழைய படம், சற்று மங்கல், அவன் கண் பாதி மூடியிருக்கின்றது, கைகளில் ஒன்றும் இல்லை. கீழே ஒரு தாளில் தம்பி தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான்: அண்ணன் பெயர், பிறந்த தோட்டத்தின் பெயர், பிறந்த நாளும் இறந்த நாளும், லாரியில் உதவியாளாக வேலை செய்து, மூன்று ஆண்டு தன்னைப் படிக்க வைத்தவன் என்னும் செய்தி. இன்னான், இன்ன ஊர், இன்ன செயல். புலிமான்கோம்பைக் கல்லைப் பற்றி அச்சிறுவன் கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

நண்பர் இருவரும் வந்திருந்தனர். அத்தாளை நெடுநேரம் படித்துக்கொண்டு நின்றனர், ஒன்றும் பேசவில்லை.

"அந்தப் படத்தை என்ன செய்தீர்கள், அம்மா?" என்று கேட்டோம். "வெட்டவும் இல்லை, மாட்டவும் இல்லை, ஐயா. பெட்டியில் இருக்கிறது. அவன் எப்படிச் செத்தான் என்று இவன் ஒரு நாள் கேட்பான். அப்போது எடுத்துக் காட்ட வேண்டும்" என்றார்.

நாம் எண்ணி எண்ணித் தேடிய விடையை அவர் இரண்டு சொல்லில் கூறிவிட்டார். கத்தியை வெட்டி எறிந்துவிட்டு, மகன் குற்றமற்றவன் என்று ஊரை நம்பச் செய்தல் பொய். கத்தியோடு மாட்டி, அதனையே அவன் பெருமை என்று கூறுதல் அதனினும் பெரும் பொய். போற்றத் தக்கதைச் சுவரில் வைத்தார். மறக்கத் தகாததைப் பெட்டியில் வைத்தார்.

அன்பர்களே! நம் வீடுகளிலே முன்னோர் படங்கள் தொங்குகின்றன. பலவற்றின் கீழே பெயர் இல்லை; பாட்டிக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியாது. பாட்டி போனால் அப்படம் வெறும் முகம். இவ்வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பெரியவர் ஒருவரை உட்கார வைத்துக் கேட்டு, படத்தின் பின்புறத்தில் பெயரும் ஊரும், அவர் யாருக்காக என்ன செய்தார் என்பதும் எழுதி வையுங்கள். எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் வெட்டினார், யாரைப் படிக்க வைத்தார், யாருக்குச் சோறிட்டார் என்று எழுதுங்கள். அவ்வெழுத்தைப் படித்து வளரும் பிள்ளை தன் படத்துக்கு நிற்கும்போது, கையில் எதனை எடுப்பது என்று ஒரு கணமாவது எண்ணிப் பார்ப்பான்.